பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரமும் பராமரிப்புக் காசும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியத் தோட்டங்களில் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை இருந்த காலத்தில் பிள்ளை பார்க்கும் செலவு தோட்ட நிர்வாகத்தின் தலையில் இருந்தது. இன்று சுங்கை சிப்புட் வீடமைப்புத் தாமான்களிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளையைப் பராமரிப்பு மையத்திலோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விடுகிறார்கள். காய்ச்சல் கண்டு பிள்ளை வீட்டிலிருக்கும் வாரத்தில்தான் காசுத் தகராறு கிளம்புகிறது.

வராத நாளுக்குப் பணம் கழிப்பதுதான் முதல் தவறு. மாதக் கட்டணம் பிள்ளைக்காக ஒதுக்கிய இடத்துக்கு. பிள்ளை வராவிட்டாலும் மையத்தின் வாடகையும் ஊழியர் சம்பளமும் நிற்பதில்லை. அக்கா விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்வேன். கை, கால், வாய்ப்புண் நோய் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றதுக்கும் தொற்றும். ஆளாளுக்கு ஒரு வாரக் காசைப் பிடித்துக்கொண்டால் அந்த மாதம் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? சாப்பாட்டுக் காசு தனி என்றால் அதை மட்டும் கேளுங்கள். நோய் பரவி மையமே கதவடைத்தால் கட்டணம் உண்டா என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கட்டிய பணம் வீணாகிறதே என்று காய்ச்சல் மருந்தைக் கொடுத்து அனுப்புவது அதைவிட மோசம். பாராசிட்டமால் நாலைந்து மணி நேரம்தான் தாங்கும். பதினோரு மணிக்கு மையத்திலிருந்து அழைப்பு வரும். அரைநாள் சம்பளமும் போகும், அடுத்தவர் பிள்ளையும் படுக்கும்.

பிள்ளையின் கிளினிக் கடிதத்தைக் காட்டினால் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கணக்கில் சேரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1955 வேலைச் சட்டம் தரும் மருத்துவ விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டுமே. ஆண்டு விடுமுறையோ முதல் இரண்டு ஆண்டுகளில் குறைந்தபட்சம் 8 நாள்தான். அதைத் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் தீர்த்துவிட்டால் மிஞ்சுவது சம்பளமில்லா விடுப்பு. அதையும் அம்மாவே எடுக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத விதி. அப்பாவுக்கும் விடுமுறை உண்டு என்பது எப்படியோ மறந்துபோகிறது. 2023 முதல் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலாளி பதில் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. காய்ச்சல் வந்த பிறகு எழுதிப் பயனில்லை.

ஊரிலிருந்து பாட்டியை வரவழைத்தால் செலவில்லை என்பதும் தப்புக் கணக்கு. கூலி கொடுக்கக் கூசினால், பஸ் காசையும் மார்க்கெட் காசையுமாவது அவர் கேட்கும் முன் கொடுங்கள்.

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். 6 வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைக்குக் கட்டிய பராமரிப்புக் கட்டணத்தில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வருமான வரிக் கழிவு உண்டு. பெற்றோரில் ஒருவர் மட்டுமே கோரலாம். மையம் சமூக நலத் துறையில் பதிந்திருக்க வேண்டும். 1984 குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளைப் பார்த்தாலே வீட்டையும் பதிய வேண்டும். அக்கா இன்னும் பதியவில்லையென்றால், விண்ணப்பப் பாரம் நிரப்பக் கூடவே போய் உதவுங்கள்.