முகம் கழுவியதும் தோல் இழுக்கிறதா? கிரீமில் செராமைடு இருக்கிறதா பாருங்கள்

முகம் கழுவித் துடைத்த சில நிமிடங்களில் கன்னம் இறுகி, மூக்கோரம் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிகிறதா? பெரும்பாலும் தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பு குறைந்துபோயிருக்கும். அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடுதான்; மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி, செல்களுக்கு இடையே இது நிரம்பி நின்றால்தான் ஈரம் உள்ளே தங்கும், எரிச்சலூட்டும் பொருள்கள் எளிதில் உள்ளே நுழையாது. வயது ஏற ஏற இது குறையும். எக்சிமா எனும் அரிப்புத் தோல் அழற்சி உள்ளவர்களுக்கும் குறைவுதான்.

கிரீம் வாங்கும்போது டப்பாவின் முன்பக்க வாசகத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். செராமைடு என்பி (NP), ஏபி (AP), ஈஓபி (EOP) என்று அதன் வகைகளில் ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். கூடவே கொலஸ்ட்ராலும் இருந்தால் இன்னும் நல்லது. விலை அதிகமாக இருக்க வேண்டும் என்றில்லை.

குளித்ததும் துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன்பே பூசுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், கொதிக்கும் வெந்நீரும் கடுமையான சோப்பும் தொடர்ந்தால் எந்தக் கிரீமும் ஈடுகொடுக்காது. வெடிப்பு, நீர்க்கசிவு, தூங்கவிடாத அரிப்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.