குட்டி கடித்தால் கையை இழுக்காதீர்கள்

கம்பம், கோம்பைப் பக்கம் விடியுமுன் ஜீப் பிடித்துக் கம்பமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற வீடுகளில் நாய்க்குட்டி பகலெல்லாம் கட்டியே கிடக்கும். சாயங்காலம் ஆள் வந்து இறங்கியதும் பாய்ந்து வந்து சேலைக் கரையையும் கணுக்காலையும் கவ்வும். கோபமில்லை, விளையாடக் கூப்பிடுகிறது. பால்பல் இருபத்தெட்டும் ஊசி மாதிரி இருக்கும். மூன்று, நாலு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழு மாத வாக்கில் 42 பல்லும் முளைத்துவிடும். அதுவரை ஈறு தினவெடுக்கும்.

முதல் படி: பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கோம்பை நாய் வேட்டைக்கு வளர்த்த சாதி. ஓடுகிற கையைத் துரத்தத்தான் செய்யும். கையை மரக்கட்டை மாதிரி அசையாமல் வையுங்கள். பிடி தளர்ந்ததும் எழுந்து, திரும்பி நின்று, மனதுக்குள் முப்பது எண்ணுங்கள். திட்டவோ முறைக்கவோ வேண்டாம், அதுவும் அதற்கு விளையாட்டுதான். பிறகு மறுபடி உட்காருங்கள். கவ்வினால் திரும்பவும் எழுந்துவிடுங்கள். எங்கள் குட்டிக்கு முதல் நாள் இருபது தடவையாவது எழுந்திருப்பேன். மதினி மகன் மட்டும் அதன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவனும் நிறுத்திய பிறகுதான் குட்டிக்குப் புரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்.

இரண்டாவது: கடிக்க வேறொன்று கொடுங்கள். பழைய துண்டில் மூன்று முடிச்சுப் போட்டு, நனைத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஈறுக்கு அந்தக் குளிர்ச்சி சுகம். நூல் பிரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம், சில்லு தெறித்துத் தொண்டையைக் குத்தும்.

மூன்றாவது: அவித்த முட்டைத் துண்டை உள்ளங்கையில் மூடி நீட்டுங்கள். முதலில் விரல் முட்டியைப் பல்லால் சுரண்டும், பிறகு நக்கும். ஒரு கட்டத்தில் ஓரடி பின்வாங்கி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நொடி கையைத் திறந்துவிடுங்கள்.

குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும். அந்தத் தூக்கம் கெட்டால் இரவில் வெறிபிடித்த மாதிரி கடிக்கும், படுக்க வையுங்கள். மூக்கில் தட்டாதீர்கள். கையைக் கண்டு பயந்த நாய் நிஜமாகவே கடிக்கும்.

தோல் கீறி ரத்தம் வந்தால், வீட்டுக் குட்டிதானே என்று விடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.