கெட்டிப்படுத்துவது வேறு, துருவைத் தடுப்பது வேறு: காசிமேட்டுப் பட்டறைக் குறிப்புகள்

"அண்ணா, நல்லா ஹார்டு பண்ணிக் குடுங்க, துரு புடிக்கவே கூடாது." என் பட்டறை மேஜையில் ஸ்பேனரை வைத்துவிட்டுப் போகிற காசிமேட்டு போட் டிரைவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் கேட்பது இரண்டு வேலை. மேல்தோலைக் கெட்டிப்படுத்தினால் தேய்மானம் குறையும், துருவுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. எண்ணெய், மெழுகு, கறுப்பு என்று எதைப் பூசினாலும் துரு தள்ளிப்போகும், ஆனால் முனை மழுங்குவது நிற்காது. உங்கள் கருவி எதனால் கெடுகிறது என்று முதலில் பாருங்கள். பல் உருண்டுபோகிறதா, மேலெல்லாம் செம்மண் நிறத்தில் பொரிகிறதா? இரண்டும் உண்டென்றால் இரண்டு வேலையும் செய்ய வேண்டும், கெட்டிப்படுத்துவதை முதலில்.

அடுத்து, கையில் இருப்பது என்ன இரும்பு என்று தெரிய வேண்டும். சாணையில் ஒரு ஓரத்தை லேசாகக் காட்டுங்கள். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) என்றால் பொறி நீளக் கோடாகப் போகும், நுனியில் அதிகம் பிரியாது. கார்பன் கூடக் கூட, பொறி மத்தாப்பு மாதிரி வெடித்துக் கிளை விடும். எம்.எஸ்.ஸில் கார்பன் கால் சதவீதத்துக்கும் குறைவு. அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் சொல்லும்படி கெட்டிப்படாது. புதுப்பேட்டையில் எடைக்குப் போடுகிற லாரி பட்டை ஸ்பிரிங் வேறு ஜாதி. பெரும்பாலும் ஈ.என்.45 வகை, கார்பன் அரை சதவீதத்துக்கு மேல். அதில் உளி செய்தால் கீழே சொல்லும் கரிப்பெட்டி வேலையே வேண்டாம், காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் போட்டால் போதும். கடையில் வாங்கிய குரோம் வனேடியம் ஸ்பேனரை மட்டும் தயவுசெய்து தீயில் காட்டாதீர்கள். அதற்கு ஹீட் ட்ரீட்மென்ட் ஏற்கெனவே ஆகிவிட்டது, நீங்கள் காய்ச்சினால் அதைக் கெடுப்பீர்கள்.

எம்.எஸ்.ஸில் செய்த கருவிக்கு வழி, மேல்தோலில் மட்டும் கார்பனை ஏற்றுவது. பட்டறைகளில் கேஸ் ஹார்டனிங் என்போம். தோல் அரம் ஏறாத அளவுக்குக் கெட்டியாகும், உள்ளே பழைய எம்.எஸ். அப்படியே இருப்பதால் ஓங்கி அடித்தாலும் முறியாது. இரும்புக்குள் கார்பனை ஏற்றுவது நம் ஊருக்குப் பழைய வித்தை. 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத் என்ற வெள்ளைக்காரர், இங்கே இரும்பை ஆவாரம் விறகோடும் எருக்கிலையோடும் மூசையில் (உருக்கும் மண் குடுவையில்) போட்டு, மண்ணால் மூடி உருக்கெடுத்ததை எழுதிவைத்திருக்கிறார். அதில் இரும்பு உருகிவிடும். நாம் உருக்கப்போவதில்லை, தோலை மட்டும் மாற்றப்போகிறோம்.

விஞ்ச் நட்டுக்கு 8 மி.மீ. எம்.எஸ். பிளேட்டில் வெட்டிய ஹூக் ஸ்பேனரை (கொக்கிபோல் வளைந்து, நுனியில் ஒரு பல் உள்ளது) வைத்துச் சொல்கிறேன். அதில் முதலில் போவது அந்த ஒற்றைப் பல்தான். ராவுகிற வேலை, துளை போடுகிற வேலை எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள், பிறகு அரம் ஏறாது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக் கொள்ளுங்கள்.

பெட்டிக்கு 4 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். பைப் துண்டு போதும். ஒரு பக்கம் தகடு வைத்து வெல்டிங், மறு பக்கம் தூக்கி வைக்கிற மூடி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் கூடாது. அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், அந்தப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல்தான். மூடியையும் வெல்டிங் அடித்து அடைத்துவிடாதீர்கள், உள்ளே உருவாகிற வாயுவுக்கு வழி வேண்டும். மணல் கலந்த களிமண்ணால் பூசினால் தேவையான அளவுக்குக் கசியும்.

கரிக்கு நான் கொட்டாங்குச்சிக் கரிதான் எடுப்பேன். நன்றாகக் காய்ந்த கரியைக் கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிடுங்கள். 1 கிலோ கரிக்கு 100 கிராம் சலவை சோடா கலக்க வேண்டும். பெரிய பட்டறைகளில் பேரியம் கார்பனேட் போடுவார்கள். அது விஷம், வீட்டுப் பக்கம் வேண்டாம். சலவை சோடா கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துப் போடலாம், வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். இவை எதற்கு என்றால், கரி நேராக இரும்புக்குள் போவதில்லை. பெட்டிக்குள் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுதான் இரும்பின் மேல் கார்பனை விட்டுவிட்டுப் போகிறது. சோடா, முட்டை ஓடு எல்லாமே கார்பனேட்தான், சூட்டில் பிரிந்து கார்பன் டை ஆக்சைடு தரும், அது கரியோடு சேர்ந்து மறுபடி மோனாக்சைடு ஆகும். அதே வாயு ஆளையும் கொல்லும் என்பதால், உலையைத் திறந்த வெளியில் வையுங்கள். ஷட்டரைப் பாதி இறக்கிய அறை வேண்டவே வேண்டாம்.

ஸ்பேனரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கரி இருக்கட்டும். மூடியில் சின்னத் துளை போட்டு, பென்சில் கனத்தில் இரண்டு எம்.எஸ். கம்பிகளைக் கரிக்குள் செருகி, துளையையும் மண்ணால் பூசிவிடுங்கள். இந்தச் சாட்சிக் கம்பி இல்லாமல் நான் பெட்டியை உலையில் ஏற்றுவதே இல்லை.

சூடு 900 முதல் 930 டிகிரிக்குள் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்தால் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சுக்குப் போகிற நேரம். ஆனால் நம்மூர் மத்தியான வெயிலில் அந்த நிறத்தை நம்ப முடியாது, 900 டிகிரி கூட மங்கலாகத்தான் தெரியும். சாயங்காலம் உலை வையுங்கள், இல்லையென்றால் பிராட்வே பக்கம் சூடு அளக்க ஒரு கே டைப் தெர்மோகப்பிளும் மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மணி நேரம் அந்தச் சூட்டில் நின்றால் அரை மில்லிமீட்டருக்கு மேல் தோல் ஏறும். ஸ்பேனருக்கு அது தாராளம். ஆழம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு ஆகும் என்பதால், பேராசைப்பட்டுக் கரியை எரிக்காதீர்கள்.

மூன்று மணி நேரம் ஆனதும் ஒரு சாட்சிக் கம்பியை இடுக்கியால் உருவி, அதே சூட்டில் தண்ணீரில் போடுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து ஓர் அடி. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் பட்டுப் போன்ற சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம், நடுவே இழை இழையாகக் கிழிந்த எம்.எஸ். அந்த வளையம்தான் ஏறிய தோல். நகக்கண் அளவுக்குக்கூட வளையம் தெரியவில்லையா, இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். அடுத்த கம்பி அதற்குத்தான்.

தோல் ஏறியதும் பெட்டியோடு ஆறவிட்டு, மறுநாள் ஸ்பேனரை மட்டும் எடுத்துத் திரும்பக் காய்ச்சித் தோய்ப்பது என் வழக்கம். நேராகப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டாலும் கெட்டிப்படும், ஆனால் அவ்வளவு நேரம் சூட்டில் கிடந்ததில் இரும்புக்குள் மணி (நுண்ணிய படிகத் துகள்) பெருத்திருக்கும், பல் நொறுங்க வாய்ப்புண்டு. இரண்டாவது முறை காய்ச்சும்போது ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். விட்ட பிறகு கொஞ்சம் நிறம் ஏறவிட்டுத் தண்ணீரில் நேராக, சாய்க்காமல் இறக்குங்கள். சாய்த்தால் கோணும். ஒரு லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பு போட்ட தண்ணீர் நல்லது. சூடான இரும்பைச் சுற்றி ஆவிப் படலம் கட்டும், உப்பு அதை உடைக்கும். மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து வருகிற வெந்நீரை அப்படியே பிடித்துத் தோய்க்காதீர்கள், ஆவிப் படலம் இன்னும் கனமாகும். மெல்லிய துண்டுக்குத் தண்ணீரே வேண்டாம், எண்ணெய் போதும்.

தோய்த்ததும் பழைய அரத்தை ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கினால் சரி. கடித்தால் சூடு போதவில்லை அல்லது தோல் ஏறவில்லை. வழுக்குகிறது என்று சந்தோஷப்பட்டு அப்படியே வேலைக்குக் கொடுத்துவிடக் கூடாது. உப்பைக் கழுவித் துடைத்து, 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து டெம்பர் எடுங்கள், அதாவது நொறுங்குகிற குணத்தைக் குறையுங்கள். பட்டறைக்கென்று ஒரு பழைய ஓவன் இருந்தால் வசதி. கார்பன் ஸ்டீல் உளிக்கு நிறம் பார்த்தே டெம்பர் எடுக்கலாம். நுனியை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, தண்டுப் பக்கமிருந்து சூடு ஏற்றுங்கள். வைக்கோல் மஞ்சள் 220, 230 டிகிரி, அது மரம் செதுக்கும் உளிக்கு. ஊதா 275 பக்கம், அது இரும்பு வெட்டும் உளிக்கு. நிறம் நுனிக்கு வந்த கணம் தண்ணீர். சுத்தியல் முகத்தை இப்படிக் கெட்டிப்படுத்தித் தரச் சொல்லி யார் கேட்டாலும் நான் செய்வதில்லை, சில்லு தெறித்தால் கண் போகும்.

இதற்கு மேல் உள்ளதெல்லாம் அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் வேலை. நைட்ரைடிங் என்றால் தோலில் நைட்ரஜனை ஏற்றுவது, 500 டிகிரியை ஒட்டி அம்மோனியா வாயுவில் வைப்பார்கள், தோய்ச்சல் கிடையாது, அதனால் அளவு மாறாது. கொஞ்சம் துருவும் தாங்கும். அலுமினியமும் குரோமியமும் சேர்ந்த ஈ.என்.41பி போன்ற ஸ்டீலுக்குத்தான் முழுப் பலன். தங்க நிற டிரில் பிட்டில் இருப்பது டைட்டானியம் நைட்ரைடு, கனம் இரண்டு மூன்று மைக்ரான், தலைமுடியின் இருபதில் ஒரு பங்குகூட வராது. நல்ல ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) மேல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. மட்டமான பிட்டின் தங்க நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஜாப் வொர்க்குக்கு அனுப்பும்போது சீட்டில் ஸ்டீல் கிரேடு, வேண்டிய எச்.ஆர்.சி. (கெட்டித்தன்மை அளவு), தோல் ஆழம் மூன்றையும் எழுதுங்கள். வெறுமனே "ஹார்டு" என்று எழுதினால் அவர்கள் இஷ்டத்துக்குத்தான் வரும்.

சரி, துரு. காசிமேட்டில் காற்றே உப்பு, அதில் ஐப்பசி கார்த்திகை மழை வேறு. உப்புத் தண்ணீர் பட்ட கருவியை முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பின் மேல் எண்ணெய் பூசினால், எண்ணெய்க்கு அடியில் துரு சுகமாக வளரும்.

ஏற்கெனவே மெல்லியதாகத் துரு பிடித்திருந்தால் கடுக்காய் போதும். பாரிமுனையை ஒட்டிய ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். கொட்டை நீக்கிய கடுக்காய் 100 கிராமைத் தட்டி, 1 லிட்டர் வெந்நீரில் இரவெல்லாம் ஊறவைத்துக் காலையில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். கம்பி பிரஷ்ஷால் உதிர்கிற துருவைத் தள்ளிவிட்டு இதைத் தடவினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்நிறம் நீலக்கறுப்பாகும். கடுக்காயின் டானின் துருவோடு சேர்ந்து கரையாத கறுப்பாகிறது. காய்ந்ததும் இன்னொரு கை தடவுங்கள். செதில் செதிலாக உரியும் துருவுக்கு இது உதவாது. இதன் மேல் எண்ணெயோ மெழுகோ கட்டாயம் வேண்டும்.

கெட்டிப்படுத்தாத இடுக்கி, கொக்கி போன்றவற்றுக்கு எண்ணெய்க் கறுப்பு நல்லது. பளபளப்பாக்கி, நீலம் ஏறும்வரை, அதாவது 300 டிகிரி வரை, காய்ச்சி ஆளிவிதை எண்ணெயில் முக்கி எடுங்கள். பக்கத்தில் மூடியும் மணலும் இருக்கட்டும். மேலே பாடுபட்டுச் செய்த ஹூக் ஸ்பேனருக்கோ உளிக்கோ இதைச் செய்யக் கூடாது, 300 டிகிரியில் டெம்பர் இறங்கிவிடும். அவற்றுக்கு மெழுகுதான். ஒரு பங்கு தேன்மெழுகை மூன்று பங்கு ஆளிவிதை எண்ணெயில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, ஆறியதும் துணியால் மெலிதாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, தூசிதான் ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.

காஸ்டிக் சோடா கொதிக்கவைத்துச் செய்யும் பிளாக்கனிங்கை வீட்டில் முயலாதீர்கள். 140 டிகிரி காரம் மேலே தெறித்தால் தோல் மிஞ்சாது. வெளியே கொடுத்து வாங்கினாலும், எண்ணெய் இல்லாமல் அந்தக் கறுப்பு நம்மூரில் ஒரு மழைக்குத் தாங்காது.

கெட்டிப்படுத்திய கருவியைத் துரு போக்க என்று பாத்ரூம் ஆசிட்டில் ஊறப்போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஹைட்ரஜன் உள்ளே ஏறி, பல் சொல்லாமல் முறியும். ஊறப்போடாவிட்டாலும் ஆசிட் கேனும் பிளீச்சிங் பவுடரும் பட்டறைக்குள் இருக்கவே கூடாது. அவற்றின் ஆவி போதும், மூடிய டிராயரில் இருக்கும் அரத்தைக்கூடச் சிவக்கவைத்துவிடும். இரண்டையும் வெளியே, கழிப்பறைப் பக்கம் வையுங்கள்.