நாலு மூலை பிடித்தால் கூடம் காலி

பிள்ளைகள் விளையாட உட்காரும் முன், தரையில் ஒரு பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்து விரித்து, பொம்மைகளை அதன் மேல் மட்டும் கொட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கி, மூட்டையை ஒரு மாங்காய் கிரேட்டுக்குள் (துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டி) கொட்டிவிட்டால் கூடம் காலி.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி தட்டும்போது தார்ப்பாய் விரிப்பதும் இதே கணக்குதான். புளியின் ஓடும், நாரும், கொட்டையும் தரையெங்கும் தெறித்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்; விரிப்பில் விழுந்தால் ஒரே அள்ளு. நம் இடுப்பை ஒடிப்பது குப்பை இல்லை, கட்டிலுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடுவதுதான். கிரேட்டைச் சொன்னதற்கும் காரணம் உண்டு: சொப்புச் சாமானில் ஒட்டிய மண் அதன் துளை வழியே உதிர்ந்துவிடும், மூடிய டப்பாவில் அடியிலேயே தங்கும். சிந்தெடிக் புடவை வேண்டாம், டைல்ஸில் வழுக்கும். பருத்தியும் ஓடியாடும் ஆட்டத்துக்கு ஆகாது, உட்கார்ந்து விளையாட மட்டும்தான்.

தண்ணீர், களிமண், வாட்டர் கலர் என்றால் துணி ஊறித் தரைக்கு இறங்கிவிடும். அதற்குத் தார்ப்பாயே சரி. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் புளியங்கொட்டை, மணி மாதிரி சின்னச் சாமான்களை விரிப்பில் வைத்தாலும் ஆபத்துதான், வாய்க்குப் போய்விடும். அப்புறம், பிள்ளை பாதி கட்டி வைத்த பிளாக் வீடு விரிப்பில் நின்றால் அன்றைக்கு மூலையைத் தொடாதீர்கள். சுருட்டினால் அழுகை அடங்க அரை மணி நேரம் ஆகும், மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.