பாசி பிடித்த பின்கட்டுத் தளம்
செங்கோட்டையில் சாரல் என்றால் ஊருக்கே கொண்டாட்டம்; எங்கள் பின்கட்டு சிமெண்ட் தளத்துக்கோ பாசி. அம்மா வழுக்கி விழப் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரைமணி ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். கூடவே ஆசிட்டையும் ஊற்றிவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

வெடிப்புகளில்தான் கோட்டை விட்டேன். காய்ந்த தளத்தில் அப்படியே பூசிய கலவை ஒரே மாதத்தில் பெயர்ந்து வந்தது. அப்புறம் உளியால் கொத்தி அகலமாக்கி, தூசி போகக் கழுவி, ஈரத்தோடு சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி, 1:3 சிமெண்ட்-மணல் கலவையை அழுத்தி வைத்தேன். சீக்கிரம் காயாமலிருக்க மேலே 7 நாள் ஈரச்சாக்கு.

ரெட் ஆக்சைடு (வழவழப்பான சிவப்புத் தரைப்பூச்சு) மெழுகலாம் என்றார் கொத்தனார். மழை நனையும் இடம், மறுபடி வழுக்குமே! வேண்டாமென்றேன். ஒட்டுப்போட்ட இடங்கள் வெளிறித்தான் தெரிகின்றன. பாதியைச் செம்பருத்தித் தொட்டிகள் மறைத்துவிட்டன.