சூலூர் வானத்தைப் பிடித்த கதை

பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கு மேல் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு இறங்கும் சரக்கு விமானங்கள் உறுமும். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலியைத் திறந்தால் வானம் காலி. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி என்ற பன்னாட்டு விமானப்படைப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் விமானங்கள் வந்தபோது பொறுக்க முடியவில்லை. சரி, விமானங்களின் சிக்னலை நாமே பிடிப்போம் என்று ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் என்ற சின்ன ரேடியோ ரிசீவர் வாங்கி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் செருகினேன். ஜன்னலோர ஆன்டெனாவில் ரொம்ப உயரத்தில் போகிறவை மட்டுமே சிக்கின. விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி என்ற 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் வரும். கான்கிரீட் சுவர் அதில் பாதியை விழுங்கிவிடும். ஆன்டெனாவை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏற்றினேன். நீளக் கேபிளில் சிக்னல் கரையும் என்பதால் டாங்கிளும் கூடவே மேலே போனது. அப்புறம் தாழ்வாக இறங்குகிறவையும் திரைக்கு வந்தன. மேற்கே மலைத்தொடர் மறைப்பதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தேஜஸ் போன்ற போர் விமானங்கள் பெரும்பாலும் ஏடிஎஸ்-பி அனுப்புவதில்லை; அவற்றுக்குச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.