ராஜபாளையம் நாய் உங்கள் வீட்டுக்குச் சரிப்பட்டு வருமா?

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அதன் நிறத்தையும் மூக்கையும்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு கேட்டை. ஒரு வாரம் அதைத் திறந்துகொண்டு யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று குறித்து வையுங்கள்: பால்காரர், வேலைக்கு வரும் அம்மா, சிலிண்டர் போடுபவர், மாடியில் குடியிருப்பவர்கள், டியூஷன் பிள்ளைகள். இந்த நாய் வீட்டாரிடம் உயிராக இருக்கும். ஆனால் வெளியாளைக் கண்டு வாலாட்டுகிற ஜாதி இல்லை. குரைத்ததோடு நிற்காமல் பாய்ந்து கவ்வவும் செய்யும். நாளைக்குப் பத்துப் பேர் வந்துபோகிற வீட்டில் அதைச் சங்கிலியில்தான் போட வேண்டிவரும். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய்தான் அவிழ்ந்த நேரத்தில் கடிக்கிறது. வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டாவது கேட் போட இடமிருந்தால் யோசிக்கலாம். இடமில்லை, ஆள் நடமாட்டமும் அதிகம் என்றால் வேறு இனம் பாருங்கள்.

அடுத்தது சுவர். வளர்ந்த ஆண் நாய் தோள் வரை 65 முதல் 75 செ.மீ. உயரம் இருக்கும். வேட்டைக்கு வளர்த்த இனம் என்பதால் நாலடிச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. காம்பவுண்டு ஆறடியாவது வேண்டும். சுவரை ஒட்டித் துணி துவைக்கும் கல், பூந்தொட்டி, மோட்டார் பெட்டி எதுவும் இருக்கக் கூடாது, அதுவே ஏணியாகிவிடும். வெறும் தாழ்ப்பாளை மூக்கால் தூக்கித் திறக்கப் பழகிக்கொள்ளும், கொக்கியோ பூட்டோ போடுங்கள். பக்கத்து வீட்டில் கோழியோ பூனையோ இருந்தால் இந்த வேலைகளையெல்லாம் குட்டி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

காலையில் வெயில் ஏறுமுன் முக்கால் மணி, சாயங்காலம் முக்கால் மணி நடையும் ஓட்டமும் வேண்டும். வீட்டில் ஒருவராவது அதை இழுத்துப் பிடிக்கிற பலத்தோடு இருக்க வேண்டும். நேரமில்லாத வீட்டில் அது செடியைத் தோண்டும், செருப்பைக் கடிக்கும், ராத்திரி முழுக்கக் குரைக்கும். முடி குட்டை என்பதால் நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும். ஆனால் தோல் வெளிர் சிவப்பு. உச்சி வெயிலில் விட்டால் மூக்கும் காது மடலும் வெந்துபோகும். நிழலும் தண்ணீரும் எந்நேரமும் இருக்கட்டும். வெள்ளை முடியில் உண்ணி பளிச்சென்று தெரிவது ஒரு வசதி. காது மடிப்பையும் விரல் இடுக்கையும் தினம் பாருங்கள்.

உலர் தீவனம் போடுவதென்றால் வளர்ந்த நாய்க்கு நாளைக்கு ஏறக்குறைய 350 கிராம், மாதம் பத்து கிலோவுக்கு மேல் ஆகும். அதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள். வயிறு வீங்கி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எலும்பு பலப்படட்டும் என்று குட்டிக்குக் கால்சியம் டானிக்கை அள்ளி ஊற்றுவதும் தப்பு. குட்டித் தீவனத்திலேயே தேவையானது இருக்கிறது, மிஞ்சினால் கால் வளையும்.

குட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நாட்டு நாய் இனங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பேருக்கே விலை சொல்கிறவர்கள் உண்டு. சுத்த வெள்ளைக்காகவே பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கியதில் காது கேளாத குட்டிகள் அடிக்கடி பிறக்கின்றன. நிறமி அணுக்கள் இல்லாத உட்காதில், பிறந்த சில வாரங்களிலேயே சத்தத்தை உணரும் அணுக்கள் அழிந்துவிடுகின்றன. அதனால் ஆறு வாரத்துக்கு முன் சோதித்துப் பயனில்லை.

சோதிக்கும்போது கூடப்பிறந்த குட்டிகளைத் தள்ளி வையுங்கள். செவிட்டுக் குட்டி மற்றதைப் பார்த்துத் தானும் திரும்பிச் சமாளித்துவிடும். தூங்கும் குட்டிக்குப் பின்னால் நாலைந்து அடி தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தரையைத் தட்டினால் அதிர்விலேயே எழுந்துவிடும், கைதட்டினால் காற்றுப் படலாம். எழுந்த குட்டி சத்தம் வந்த திசையை விட்டு வேறு பக்கம் தேடினால் ஒரு காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். இரண்டு காதும் கேளாத காவல் நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது.

தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். அப்பனும் தாயும் கூடப்பிறந்தவையா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எட்டு வாரம் முடியாத குட்டியைத் தூக்கி வராதீர்கள். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அட்டையைக் கையோடு வாங்குங்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருடம் ஒருமுறை. கடைசித் தடுப்பூசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்காமல், கையில் தூக்கிக்கொண்டாவது தெருவையும் பைக்கையும் புது முகங்களையும் காட்டுங்கள். மூன்றரை மாதத்துக்குள் பார்க்காத எதையும் பிற்பாடு சந்தேகத்தோடுதான் பார்க்கும்.